எரிகோவில் எல்லோரும் சாப்பிட்டார்கள்

உலகத்தின் மிகப் பழைய நகரங்களில் ஒன்றுக்குப் போய், அந்த நகரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிய மனிதர் சரித்திரத்தில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் வீடியோ அண்ணை. இன்னொருவர் இருக்கிறார் என்று வாசகர்கள் யாராவது எழுதினால் நான் நம்பப் போவதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில், கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நானும் அவரும் குடியிருந்தோம். வார நாட்களில் அவருக்குப் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஃபக்ரறியில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் தோளில் கமெரா. அந்தக் காலத்து வீடியோ கமெரா ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். அதை இறக்கி வைத்த பிறகும் அவருடைய வலது தோள் இறங்காது. மட்டக்களப்புக்காரர், நெற்றியில் எந்நேரமும் திருநீறு. சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கலியாண அழைப்புக் கார்டில்கூட 'வீடியோ அண்ணை குடும்பம்' என்றுதான் எழுதுவார்கள், அவருக்குக் குடும்பமே இல்லையென்று தெரிந்தும்.

ரொறன்ரோவில் அந்த நாட்களில் நடந்த தமிழ்க் கலியாணம் எல்லாவற்றையும் அவர்தான் எடுத்தார். தாலி கட்டுவது, கேக் வெட்டுவது எல்லாம் அவருக்கு ஒரு கடமை, அவ்வளவுதான். அவருடைய கலை தொடங்குவது பந்தியில். நீங்கள் சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடிக்கும். "வாயில வையுங்க... ஓம்... மெல்லுங்க... அவசரமில்ல" என்று ஒரு குரல் வரும். நீங்கள் விழுங்கும் வரைக்கும் அவர் நகர மாட்டார். பிறகு அடுத்த ஆள். ரொறன்ரோத் தமிழர் வாயை மூடி மென்று சாப்பிடப் பழகியது அவராலேதான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவர் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கலியாணத்தில் பெண்ணின் தாய்மாமன் கேக்குக்குப் பின்னால் நின்றுவிட்டார். கேக் ஐந்து தட்டு. வீடியோ கசெற் யாழ்ப்பாணம் போனது. அங்கே பெண்ணின் தாய் முழுவதையும் பார்த்துவிட்டு, "என்ர தம்பி ஏன் என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போகேல்லை?" என்று கேட்டார். போனதாகவும், ரெண்டு பந்தியிலும் இருந்ததாகவும் தம்பி சத்தியம் பண்ணினார். வீடியோவில் ஆள் இல்லையே! அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கலியாணமும் முடிந்து, கமெராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்போது அண்ணை வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு வசனம் சொல்லுவார்: "ஒருத்தரும் விடுபடல்ல."

"மண்டபத்தைக் கொஞ்சம் எடுங்கோவன் அண்ணை, எவ்வளவு சோடிச்சு வைச்சிருக்கினம்" என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பாக்கிற ஆக்கள் ஊரில இரிக்காங்க மனே. அவங்களுக்கு மண்டபம் எதுக்கு? முகந்தான் வேணும். பிள்ளை மெலிஞ்சிட்டானா, சாப்பிடுறானா, அதத்தான் தாய் பாப்பா" என்றார்.

பழக்கதோஷம் பொல்லாதது. ஒரு செத்தவீட்டை எடுக்கப் போனவர், பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற குடும்பத்தைப் பார்த்து, "எல்லாரும் இஞ்ச பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டார். அதிலும் மோசம், அவர்கள் சிரித்ததுதான்.

இப்படிப்பட்டவர் பரிசுத்த நாட்டுக்குப் போகவேண்டி வந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் ஞாயிறு பின்னேரம் தமிழ் ஆராதனை நடக்கும். அதை நடத்திய போதகர், வேதத்தில் வரும் பழைய இடங்களைப் பார்க்க ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். குறைந்த கட்டணத்துக்கு இத்தனை பேர் சேரவேண்டும் என்று விமான ஏஜென்ற் சொல்லிவிட்டார். கிறிஸ்தவர்கள் போதவில்லை. சைவக்காரரைச் சேர்த்தார்கள். "கடவுளின்ர இடந்தானே போதகர். கதிர்காமத்துக்கும் போனனான், உதுக்கும் வாறன்" என்று முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் பவளம் அக்கா. அவர் எங்கே போனாலும் ஒரு சூட்கேஸ் உடுப்பும் ஒரு சூட்கேஸ் பலகாரமும் கொண்டுபோவார். வீடியோ எடுக்க அண்ணை. நான் போனதற்குப் பக்தி காரணமல்ல. எனக்கு லீவு மிஞ்சியிருந்தது.

உண்மையில் போயிருக்கவேண்டிய ஆள் போகவில்லை. அவர் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ரீச்சர். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க வேதபாடம் படிப்பித்தவர். எரிகோ எங்கே, எருசலேம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவார். ஆனால் அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. கனடாவுக்கு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வைக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அதுதான் நிலைமை.

புறப்படுவதற்கு முந்திய கிழமை ரீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார்.

"தம்பி, எல்லா இடமும் எனக்கு வேண்டாம்" என்று அண்ணையிடம் சொன்னார். "எரிகோ ஒண்டு போதும். அந்த மதில் விழுந்த இடம்."

"ஓம் ரீச்சர்."

"கடைசியாப் படிப்பிச்ச வகுப்பில ஒரு பெட்டை எழும்பிக் கேட்டவள், 'ரீச்சர், மதில் விழுந்தது உள்ளுக்கோ வெளியிலையோ?' எண்டு. யோசுவாவின்ர ஆக்கள் சுத்திவந்து சத்தம் போட விழுந்ததெண்டுதான் நான் அவ்வளவு காலமும் படிப்பிச்சனான். எந்தப் பக்கம் விழுந்ததெண்டு யோசிச்சதே இல்லை. அடுத்த பாடத்தில சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த பாடத்துக்கிடையில பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. அந்தப் பிள்ளை இப்ப எங்கையோ தெரியாது." கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்காவது தெரியவேணும். நீர் மதிலின்ர அடியை எடும். கல்லு எந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்குதெண்டு வடிவாக் காட்டும். ஆக்களை எடுக்காதையும்."

அண்ணைக்கு விளங்கவில்லை. "ஆக்கள எடுக்காம எப்பிடி ரீச்சர் வீடியோ எடுக்கிற?"

"கல்லு, தம்பி. கல்லு."

"ஓம் ரீச்சர். கல்லுத்தான்."

லிஃப்டில் இறங்கும்போது அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாவம், ரீச்சர் மட்டும் விடுபடப் போறா" என்றார். அவருடைய வாயில் வழக்கமாக வரும் சொல்தானே என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

எருசலேமில் இறங்கிய அன்றே விபத்து. ஹொட்டேல் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் முதல் வாய் வைக்கும் நேரம், கனடாவிலிருந்து சுமந்து வந்த கலியாண லைற்றை அண்ணை சுவரில் செருகினார். அந்த ஊர்க் கரண்ட் எங்கள் ஊர்க் கரண்டைப்போல் இரண்டு மடங்கு. 'டப்' என்று ஒரு சத்தம். லைற் மட்டுமல்ல, மண்டபம் முழுவதும் இருட்டு. இருட்டுக்குள் பவளம் அக்காவின் குரல் கேட்டது: "போதகர், இது ஏதும் அடையாளமோ?"

லைற் செத்த துக்கத்தில் அண்ணை அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் ஹொட்டேல்காரரிடம் கேட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு வாங்கிவந்து என் கையில் தந்தார். வெயில் அதில் பட்டு ஆட்களின் முகத்தில் தெறிக்கவேண்டுமாம். அன்று தொடக்கம் பரிசுத்த நாடு முழுவதும் நான் இரண்டு கையிலும் விரிப்பை ஏந்தியபடி நடந்தேன். வேறு நாட்டு யாத்திரிகர்கள் நான் ஏதோ தீர்க்கதரிசி வேடம் போட்டிருப்பதாக நினைத்து என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணையோ அந்த நாட்டை முதுகால் பார்த்தார். கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படமெடுத்துப் பழகியவருக்கு வேறு நடை வராது. நாங்கள் முன்னுக்கு நடக்க, அவர் எங்களைப் பார்த்தபடி பின்னுக்கு நடப்பார். கப்பர்நகூமின் தூண்கள், பெதஸ்தா குளம், பெத்லகேம் எல்லாமே அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

லாகீஸ் என்று ஒரு மேடு. பழைய யூதா நாட்டுக் கோட்டை. கோடை லீவில் வந்த மாணவர்கள் அங்கே சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, தூரிகையால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு ஏறும் சரிவில் போதகர் முன்னால், நாங்கள் பின்னால் மாப்பிள்ளை அழைப்பைப்போல் போனோம். "மெல்ல, மெல்ல, அக்கா இஞ்ச பாருங்க" என்று சொல்லிக்கொண்டு பின்னுக்கு நடந்த அண்ணையைத் திடீரென்று காணவில்லை.

இடுப்பளவு குழிதான். ஆள் மல்லாந்து விழுந்து கிடந்தார். விழும்போதும் கமெராவை நெஞ்சோடு அணைத்திருந்தார், அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பகுதியைப் பின்னால் ரீவியில் பார்த்தோம். முதலில் நீல வானம். வானத்துக்குக் குறுக்கே மண்ணிறச் செருப்பும் சாம்பல் நிறக் காலுறையும் போட்ட அண்ணையின் கால். அதற்குப் பிறகு புழுதி படிந்த ஒரு வெள்ளைக்காரப் பெட்டையின் முகம், "ஆர் யூ ஓகே?" என்று கேட்கிறது. அதற்கு எங்கள் அண்ணையின் குரல்: "கொஞ்சம் வலப்பக்கம் நில்லுங்க."

தோண்டும் கோஷ்டிக்குப் பொறுப்பான தாடிக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். பவளம் அக்கா கையோடு கொண்டுவந்த பலகாரச் சூட்கேஸைத் திறந்து அவருடைய கையில் ஒரு பயற்றம் பணியாரத்தை வைத்தார். எல்லா மாணவருக்கும் கொடுத்தார். அண்ணை குழிக்குள் இருந்தபடியே ஒவ்வொருவரும் சாப்பிடுவதை எடுத்தார். தாடிக்காரர் பணியாரத்தைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று கேட்டார். பவளம் அக்கா அந்த மனிதரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்தப் பயணத்தில் அண்ணை புதிதாக ஒரு பழக்கம் பிடித்திருந்தார். எங்கே எங்களை நிறுத்தினாலும், இருத்தினாலும், "நடுவில ஓராள் அளவுக்கு இடம் விடுங்க" என்பார். கலியாண வீடுகளில் அவர் சொன்னபடி நின்று பழகிய சனம் ஏன் என்று கேட்காமல் விட்டது. போதகருக்கு மட்டும் அது ஆண்டவருக்கு விட்ட இடமாகப் பட்டது. ஒரு சைவக்காரர் உணர்ந்ததை நாங்கள் உணரவில்லையே என்று அவர் பஸ்ஸில் உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பவளம் அக்கா கண்ணைத் துடைத்தார். நான் அண்ணையின் காதுக்குள் கேட்டேன்.

"பிறகு சொல்லுறன் மனே. நீ விரிப்ப நேராப் பிடி" என்றார்.

எரிகோவுக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சின்னப் பெடியன், தோளில் துவக்கு. சாரதியோடு ஏதோ பேச வந்தவன். அவன் வாய் திறக்க முதலே எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இறங்கி, றோட்டோரம் வரிசையாக நின்று, பையைத் திறந்து காலடியில் வைத்து, பாஸ்போட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. யாரும் சொல்லவில்லை, ஊரில் ஆமி மறிக்க நின்ற பழக்கம். நானும் நின்றேன், கையில் விரிப்போடு. அந்தப் பெடியன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, ஏறுங்கள் ஏறுங்கள் என்று கையால் காட்டினான், அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்ததுபோல. அண்ணை கமெராவைத் தொடவேயில்லை. அந்தப் பயணத்தில் அவர் எடுக்காமல் விட்ட ஒரேயொரு வரிசை அதுதான்.

எரிகோ என்றால் நாங்கள் ஏதோ நினைத்துப் போனோம். அது ஒரு மண்மேடு. ஆழமாக வெட்டிய பள்ளங்கள், பள்ளத்தின் பக்கங்களில் மண்கல்லும் கருங்கல்லும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. உள்ளூர் வழிகாட்டி, வயதான மனிதர், ஒரு பள்ளத்தைக் காட்டி, யோசுவாவுக்கும் எவ்வளவோ முந்திய கோபுரம் இது என்றார். இன்னொரு பக்கத்தைக் காட்டி, மதில் இங்கே என்றார். எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் கேட்டேன். தோண்டிய ஒருவர் ஒன்று சொல்கிறார், அடுத்தவர் இல்லையென்கிறார், நீயே பார் என்றார். நான் பார்த்தேன். எனக்கு மண்ணாகத்தான் தெரிந்தது.

அதற்குள் ஆட்களுக்குப் பசி. மதில் தெரியும் இடத்தின் விளிம்பிலேயே எல்லோரும் குந்திவிட்டார்கள். எள்ளுத் தூவிய வட்டப் பாணும் அவித்த முட்டையும் ஹொட்டேலில் கட்டித் தந்தது. பவளம் அக்கா இடிச்ச சம்பல் போத்தலைத் திறந்தார். அந்த மேட்டில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அப்படியொரு வாசம் எழுந்திருக்காது. அண்ணையின் முகம் மலர்ந்தது.

"அண்ணை, ரீச்சர் கேட்ட மதில்" என்றேன்.

"எடுக்கிறன், எடுக்கிறன். முதல்ல ஆக்கள் சாப்பிடட்டும்."

"பற்றறி இருக்குதோ?"

"நீ விரிப்பப் பிடி."

கலியாணத்தில் அதுதான் ஒழுங்கு. முதலில் சனம், பிறகு பந்தி, எல்லாம் முடிந்து பற்றறி மிஞ்சினால் மண்டபச் சோடனை. ஒவ்வொருவராக முட்டையைக் கடிக்க, ஒவ்வொருவராக எடுத்தார். வழிகாட்டியின் கையில் பாணைக் கொடுத்து அவரையும் எடுத்தார். கடைசியாக எல்லோரையும் சேர்த்து, நடுவில் இடம் விடவைத்து ஓர் அகலக் காட்சி. அதோடு கமெரா ஒரு கீச்சுச் சத்தம் போட்டு நின்றது. மாற்றுப் பற்றறி பஸ்ஸில் இருந்தது. அதுவும் லாகீஸில் குழிக்குள் விழுந்ததிலிருந்து செத்துப்போயிருந்தது.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறே எங்கள் கட்டடத்துப் பார்ட்டி றூமில் படம் காட்டவேண்டியதாயிற்று. தங்களைத் தாங்களே பார்க்க எல்லோரும் சாப்பாட்டோடு வந்துவிட்டார்கள். ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரீவிக்கு நேரே, பவளம் அக்காவுக்குப் பின்னால் இருந்தார்.

படம் ஓடியது. கப்பர்நகூமில் சாப்பிட்டோம். கலிலேயாக் கடலோரம் மீன் சாப்பிட்டோம். லாகீஸில் பணியாரம் சாப்பிட்டார்கள். றூம் முழுக்க ஒரே சிரிப்பு. எரிகோ வந்தது. ரீச்சர் நிமிர்ந்தார்.

திரையில் பவளம் அக்காவின் முகம், முட்டையோடு, மூலைக்கு மூலை. அவருடைய காதுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணிறம் தெரிந்தது. ரீச்சர் கதிரையில் இடப்பக்கம் சரிந்து பார்த்தார். பிறகு வலப்பக்கம். "பவளம், கொஞ்சம் அரக்கும்" என்றார். முன்னால் இருந்த பவளம் அக்கா "ஓம் ரீச்சர்" என்று கதிரையை இழுத்து விலகினார். திரையில் இருந்த பவளம் அக்கா விலகவில்லை. ரீச்சர் பேசியது இரண்டாமவரோடு.

அடுத்து போதகர். அடுத்து வழிகாட்டி. கடைசியில் அந்த அகலக் காட்சி. நடுவில் விட்ட இடைவெளிக்கூடாகப் பள்ளத்தின் பக்கம் தெரிந்தது. கல், நிஜமாகவே கல். ரீச்சர் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனார். அந்த நேரம் பார்த்துத் திரையில் பவளம் அக்கா இடைவெளிக்குக் குறுக்கே சாய்ந்து கையை நீட்டிப் போதகரிடம் சம்பல் போத்தலைக் கொடுத்தார். படம் அறுந்து திரை நீலமானது.

றூம் கைதட்டியது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "எல்லாரும் நல்லாச் சாப்பிட்டிருக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அண்ணையில் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுசி ஒரேயொரு கல்லைத்தானே கேட்டது! அண்ணை வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அன்று அவர் தன் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை.

"இது இன்னும் முடியல்ல மனே. மிக்ஸ் பண்ண இரிக்கு" என்றார்.

அந்த நாட்களின் கலியாண வீடியோ பார்த்தவர்களுக்கு 'மிக்ஸ்' தெரிந்திருக்கும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு மேலே மிதப்பார்கள். இரண்டு படத்தை ஒன்றாக்க அண்ணையிடம் ஒரு பெட்டி இருந்தது. நீலத் துணிக்கு முன்னால் ஆளை எடுத்தால், நீலத்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வேறு படத்தைப் போடும்.

ஒரு சனிக்கிழமை நீலப் படுக்கை விரிப்பும் புது லைற்றுமாக ரீச்சரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். லைற் பிடிக்க நான்.

"என்ன தம்பி உது?"

"நீங்க எரிகோவில நிக்கோணும் ரீச்சர்."

"நான் இஞ்சையெல்லோ நிக்கிறன்."

"இஞ்சயும் நில்லுங்க, அங்கயும் நில்லுங்க. உங்களுக்கு எல்லா இடத்திலயும் இடம் விட்டு வைச்சிரிக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரீச்சருக்கு விளங்கவில்லை. முகத்தில் எரிச்சல் தெரிந்தது. ஆனாலும் உள்ளே போய், தேவாலயத்துக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து விரிப்புக்கு முன்னால் முதலில் நின்றார், பிறகு இருந்தார். அண்ணை ஓர் அவித்த முட்டையை நீட்டினார்.

"எனக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது."

"எரிகோவில எல்லாரும் முட்டைதான் சாப்பிட்டவங்க ரீச்சர். நீங்க மட்டும் வேற சாப்பிட்டா வித்தியாசமாத் தெரியும்."

ரீச்சர் முட்டை சாப்பிட்டார். "மெல்லுங்க... ஓம்... அவசரமில்ல."

ஒரு மாதம் கழித்து, ரீச்சரின் வீட்டு ரீவியில் நாங்கள் நாலு பேர் பார்த்தோம்: ரீச்சர், பவளம் அக்கா, அண்ணை, நான். கலியாண நாதஸ்வரத்தோடு படம் தொடங்கியது. வேறு பாட்டுக் கசெற் அண்ணையிடம் இல்லை. கப்பர்நகூமில் ரீச்சர் நிலத்திலிருந்து ஒரு முழம் மேலே நின்றார். கலிலேயாக் கடலில் தண்ணீருக்கு மேலே நின்றார். போதகர் அதைப் பார்க்காதது நல்லது. எரிகோவில், விட்ட இடத்தில் சரியாகப் பொருந்தி இருந்தார், ஆனால் எரிகோக் கோபுரத்தைவிடப் பெரியவராக. வெள்ளைச் சேலைக்குக் கரை நீலம் என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. பெட்டி அந்தக் கரையையும் அகற்றிவிட்டது. கரை போன வழியெல்லாம், இடுப்பைச் சுற்றி, தோளுக்கு மேலால், எரிகோவின் கல் ஒரு பட்டியாக ஓடியது. பிறகு பவளம் அக்காவின் கை ஒரு பக்கத்தால் ரீச்சருக்குள் புகுந்து, மறுபக்கத்தால் சம்பல் போத்தலோடு வெளியே வந்தது. ரீச்சர் முட்டையை மென்றுகொண்டு தலையாட்டினார்.

அண்ணை ரீவியைப் பார்க்காமல் ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கலியாணத்திலும் நான் அவரை அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரீச்சர், மதில் எந்தப் பக்கம் விழுந்திருக்குது?"

"எனக்கெப்பிடித் தம்பி தெரியும்?" என்றார் ரீச்சர். "நானெல்லோ மறைச்சுக்கொண்டு இருக்கிறன்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பவளம் அக்கா சிரித்தார், நான் சிரித்தேன். ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார். அது சிரிப்புக் கண்ணீர் மட்டுமல்ல என்று தெரிந்ததும் நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

"திரும்ப ஒருக்காப் போடும்" என்றார்.

அண்ணை கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினார். சுற்றும் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தரும் விடுபடல்ல ரீச்சர்."

அந்தக் கசெற்றின் பிரதி ஒன்று லண்டனில் இருந்த ரீச்சரின் தங்கைக்குப் போனது. தங்கை போன் எடுத்தார். கேஸ் முடியாமல் அக்கா எப்படிப் போனாள் என்று கேட்கவில்லை. "அக்கா, அவ்வளவு தூரம் போனனீ, கிழியாத சீலை ஒண்டு கட்டியிருக்கலாமே" என்று மட்டும் குறைப்பட்டாராம்.

ரீச்சர் இப்போது இல்லை. அண்ணையும் போய்க் கொஞ்சக் காலமாகிறது. அவருடைய செத்தவீட்டில் வைக்க ஒரு படம் தேடினோம். ரொறன்ரோவில் உள்ள தமிழ் வீடுகளில் எல்லாம் அவர் எடுத்த கசெற் இருக்கிறது, எல்லோருடைய முகமும் இருக்கிறது, அவர் ஒன்றிலும் இல்லை. எங்கேயோ வேலை அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெருப்பித்து வைத்தார்கள். அது அவரைப்போல இருக்கவில்லை.

பரிசுத்த நாட்டுக் கசெற்றின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. எப்போதாவது போட்டுப் பார்ப்பேன். எரிகோ வரைக்கும் போவதில்லை. லாகீஸில், நீல வானத்துக்குக் குறுக்கே மண்ணிறச் செருப்பும் சாம்பல் நிறக் காலுறையும் போட்ட அந்தக் கால் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.